கல்லூரிக் குப்பை

(தமிழ்ச் சிறப்பு வகுப்பு, இரண்டாம் ஆண்டு மாணவர் எழுதியது)

குறுந்தொகை பாடிய புலவருள் ஒருவர்க்குக் குப்பைக்கோழியார் என்பது பெயர். அவர்தம் இயற்பெயர் யாதென இன்று அறிவார் இலர். மூட்டிவிடுவாரும் விலக்குவாரும் இன்றிக் குப்பைமேட்டில் தாமே பொருது ஓயும் கோழிகளைத் தம் பாட்டில் உவமையாக எடுத்தாண்டமையின், அவ்வுவமையே அவர்க்குப் பெயராய் அமைந்தது. அச்செய்யுளைப் பாடங்கேட்ட அன்று மாலை, குப்பை என்னும் சொல்லின் பொருளை ஆராயப் புகுந்தோம். குவியல், மேடு என்பனவும் அச்சொல்லின் பழம்பொருள்கள். நெல்லைக் குவித்தாலும் குப்பை. உப்பைக் குவித்தாலும் குப்பை. பழைய நூல்களில் இவ்வழக்கு நெடுக உண்டு. ஆகவே குப்பை என்பது பிறப்பினால் இழிந்த சொல் அன்று. ஒன்றோடொன்று ஒவ்வாத பொருள்களைக் கலந்து குவித்து, 'இனி இஃது எமதன்று' எனக் கைவிட்ட பின்னரே அஃது இழிவுற்றது. சொல்லுக்கு நேர்ந்தது பொருளுக்கும் நேர்ந்தது.

எம் கல்லூரி வளாகத்தில் நாள்தோறும் சேரும் குப்பை எங்கிருந்து பிறக்கின்றது, எங்குச் சென்று அடைகின்றது, அதனைச் செவ்விதின் கையாளுமாறு யாங்ஙனம் என்பவற்றை இச்சஞ்சிகையின் அன்பர்கட்கு எடுத்துரைக்க விழைகின்றோம். தமிழ் மாணவர்க்கு இது தக்க பொருளோ என்று ஐயுறுவார் சிலர் இருத்தல் கூடும். அவர்கள் இறுதிவரை பொறுத்தருள வேண்டுகின்றோம்.

சென்ற ஆண்டு யாமும் எம் வகுப்புத் தோழர் நால்வரும் ஒரு வாரம் காலை ஐந்தரை மணிக்கு எழுந்து, விடுதிக் குப்பை திரட்டும் அக்காளுடன் வளாகத்தைச் சுற்றி வந்தோம். முதல் நாள் ஆர்வமிகுதியால் எம் தோழர் ஒருவர் ஒரு பைக்குள் கையை இட்டார். அக்காள் பதறி, "கையை உள்ளே விடாதீங்க தம்பி. முதல்லே பையைத் தூக்கி ஆட்டிப் பாருங்க. கிலுகிலுன்னு சத்தம் வந்தா கண்ணாடி இருக்குன்னு அர்த்தம்" என்றார். அவருடைய வலது உள்ளங்கையில் நீண்டதொரு தழும்பு இருந்தது. எவரோ உடைந்த கண்ணாடிக் குவளையைச் சோற்றோடும் காகிதத்தோடும் சேர்த்துப் பைக்குள் போட்டதன் விளைவு அது. இரண்டு வாரம் வேலைக்கு வர இயலவில்லையாம். வாராத நாளுக்குக் கூலியும் இல்லை. உடைந்த குவளையை எறிந்தவர்க்கு அச்செயல் ஒரு நொடிப்பொழுது. அவர் பெயர் எவர்க்கும் தெரியாது. ஒருகால் அது யாமாகவும் இருக்கலாம். இக்கட்டுரை எழுதத் தூண்டியது அத்தழும்பே.

அவ்வாரத்தில் யாம் கண்டவற்றை நான்கு வகையாகப் பகுக்கலாம். முதலாவது, மட்கும் பொருள்: வேம்பு, புளி, தூங்குமூஞ்சி முதலிய மரங்களின் சருகு, சமையற்கட்டில் அரிந்த காய்களின் தோலும் தண்டும், தேயிலைச் சக்கை, தட்டில் எஞ்சிய சோறும் குழம்பும். இரண்டாவது, மட்காத உலர்பொருளும் காகிதமும்: விடைத்தாள், செய்தித்தாள், அட்டைப்பெட்டி, புட்டி, தகரம், பிளாஸ்டிக் உறை. மூன்றாவது, தனியே போற்றவேண்டிய துப்புரவுப் பொருள்: கட்டுத்துணி, மாதவிடாய்ப் பட்டை முதலியன. நான்காவது, தீங்கு விளைப்பன: உடைந்த கண்ணாடி, மின்கலம், பழுதுற்ற மின்விளக்கு, பழைய கணினியின் உறுப்பு, ஆய்வுக்கூடத்து அமிலமும் பிறவும். இந்நான்கும் தனித்தனியே பிறக்கின்றன என்பதே கருதத்தக்கது. சருகு மரத்தடியிலும், தோல் சமையற்கட்டிலும், காகிதம் வகுப்பறையிலும், அமிலம் ஆய்வுக்கூடத்திலும் பிறக்கின்றன. பிறந்த இடத்தில் அவை கலந்தில்லை. கலப்பவர் நாமே. கலந்ததைப் பின்னர்ப் பிரித்தற்கு மற்றொருவர் கை வேண்டியிருக்கின்றது.

கலந்த குப்பை வளாகத்தின் வாயிலைக் கடந்தபின் என்னாகின்றது? பெரும்பாலான ஊர்களில் அது நகர்ப்புறத்தே ஒரு மேட்டிற் கொட்டப்பட்டு வந்தது. சென்னை மாநகரின் குப்பை பல்லாண்டுகளாகக் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் குவிந்தது. பெருங்குடிக் கிடங்கு, வலசைப் பறவைகள் வந்து தங்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்துள்ளது. அச்சதுப்பு நிலம் 2022-ஆம் ஆண்டில் ராம்சர் உடன்படிக்கையின்படி உலகச் சிறப்புடைய ஈரநிலங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பெருங்குடிக் கிடங்கில் தீ மூண்டு, நாட்கணக்கிற் புகைந்து, அண்டை வாழ்வாரை வருத்தியது.

குப்பைமேடு தீப்பற்றுவது ஏன்? சோறும் காயும் காற்றுப் புகாத ஆழத்தில் அழுந்திக் கிடக்கும்போது, காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்து மீதேன் என்னும் வாயுவை உண்டாக்குகின்றன. அஃது எரியுந்தன்மையது. மேலும், காற்று மண்டலத்தை வெப்பமுறச் செய்வதில், நூறாண்டுக் கணக்கில் நோக்கின், ஒரு கிலோ மீதேன் ஏறக்குறைய 28 கிலோ கரியமில வாயுவிற்கு ஈடாகும். சோற்றின் ஈரமோ, மேட்டிலுள்ள மின்கலம் முதலியவற்றின் நஞ்சைக் கரைத்துக்கொண்டு நிலத்தடி நீரிற் கசிகின்றது. எனவே தட்டிற் கிடந்தவரை தீங்கற்றதாயிருந்த ஒரு பிடி சோறு, மேட்டினை அடைந்தபின் நெருப்பாகவும் நஞ்சாகவும் உருமாறுகின்றது. தீமை சோற்றில் இல்லை. அதனைக் கலந்து புதைத்தலிலே உள்ளது.

இதனை அரசினரும் உணராமலில்லை. 1996-ஆம் ஆண்டில் அல்மித்ரா பட்டேல் என்னும் பெண்மணியார், நகரங்களின் குப்பையைச் செவ்வனே அகற்றுமாறு ஆணையிட வேண்டி உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அதன் பயனாக 2000-ஆம் ஆண்டில் நகராட்சித் திடக்கழிவு விதிகள் தோன்றின. அவற்றினும் விரிவான விதிகள் 2016-ஆம் ஆண்டில் வெளிவந்தன. கழிவைத் தோற்றுவிப்பவரே அதனை மட்குவது, மட்காதது, தீங்குடையது என மூவகையாகப் பிரித்துக் கொடுத்தல்வேண்டும் என்றும், 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்புடைய நிறுவனங்கள் மட்கும் கழிவை இயன்றவரை தம் எல்லைக்குள்ளேயே பக்குவப்படுத்தல்வேண்டும் என்றும் அவை விதித்தன. திறந்த வெளியிற் குப்பையை எரித்தலையும் அவை தடுத்தன. ஒரு கல்லூரி வளாகம் இவ்வளவைக்கு உட்படாதிருத்தல் அரிது. ஆகலின், வளாகத்துக் குப்பையை வளாகத்துள்ளேயே முடித்துக்கொள்ளுதல் நம் விருப்பத்தின்பாற்பட்டதன்று, கடமையின்பாற்பட்டது.

இனி ஒவ்வொரு வகையையும் கையாளும் முறையை ஆராய்வோம்.

சருகும் காய்த்தோலும் எருவாதற்கு உரியன. எம் உணவுக்கூடத்தின் பின்புறத்தே இதற்கெனச் சிமெண்டுத் தொட்டிகள் கட்டப்பட்டன. முதல் மாதத்தில் நிகழ்ந்தது பெருந்தோல்வி. காய்த்தோலையும் சோற்றையும் மட்டும் நாள்தோறும் கொட்டி வந்தனர். தொட்டி நாறிற்று, ஈ மொய்த்தது, அண்டையிலுள்ள விடுதி மாணாக்கர் விண்ணப்பம் எழுதினர். உணவுக்கூடத்தார் தோட்டக்காரரைக் குறை கூறினர். தோட்டக்காரர் உணவுக்கூடத்தாரைக் குறை கூறினர். குப்பைக்கோழியாரின் உவமைக்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டுவதின்று. இதற்கிடையே, நூறு அடித் தொலைவில், தோட்டக்காரர் சருகைக் குவித்துத் தீயிட்டுக்கொண்டிருந்தார். நோயும் மருந்தும் ஒரே வளாகத்தில் இருந்தும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

தாவரநூற் பேராசிரியர் ஒருவரே அச்சண்டையை விலக்கினார். அவர் விளக்கியது இது: எருவை ஆக்குவன கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்கள். அவற்றிற்கு உணவாகக் கரியும் நைட்ரஜனும் வேண்டும். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கரி இருப்பின் அவை நன்கு தொழில் புரியும். காய்த்தோலிலும் சோற்றிலும் நைட்ரஜனும் ஈரமும் மிகுதி. சருகிற் கரி மிகுதி. காய்க்கழிவை மட்டும் இட்டால் ஈரத்தால் இடைவெளி அடைபட்டுக் காற்று உட்புகாது; காற்றில்லாவிடத்து நாற்றம் எழும். சருகை மட்டும் இட்டால் மாதக்கணக்கில் மட்காது கிடக்கும். இரண்டும் கூடின் இரண்டன் குறையும் நீங்கும்.

அதன்பின் கைக்கொண்ட முறை எளியது. தொட்டியின் அடியிற் சுள்ளிகளைப் பரப்பவேண்டும். ஒரு கூடை காய்க்கழிவிற்கு இரண்டு கூடை சருகு என அடுக்கடுக்காக இடவேண்டும். இடையிடையே பழைய எருவையோ சாணக்கரைசலையோ சிறிது தெளிக்கவேண்டும். ஒரு பிடியைக் கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி நீர் மட்டும் சொட்டும் அளவிற்கு ஈரம் இருத்தல் நன்று. சில நாட்களில் உட்புறம் 55 முதல் 65 பாகை வரை சூடேறும். அச்சூட்டில் நோய்க்கிருமிகளும் களைவிதைகளும் மடியும். வாரம் ஒருமுறை கிளறிக் காற்றூட்டினால், இரண்டு மூன்று மாதத்தில் மழைக்காலத்து மண்ணின் மணமுடைய கரிய எரு கிடைக்கும். நாற்றம் நின்றதைக் கண்டு விண்ணப்பம் எழுதிய மாணாக்கருள் இருவர் தாமே வந்து கிளறும் கோலைக் கையில் எடுத்தனர்.

இது மேனாட்டிலிருந்து வந்த புதுமையோ எனின், அன்று. ஆல்பர்ட் ஹோவர்ட் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆராய்ச்சி நடத்தி, இலை தழையையும் சாணத்தையும் அடுக்கி எருவாக்கும் முறையொன்றை வகுத்தார். அஃது இந்தூர் முறை என உலகெங்கும் பரவியது. இந்திய உழவர்களைத் தம் ஆசிரியராகக் கொண்டு தாம் கற்றதை அவர் மறைத்தாரல்லர். நம் பாட்டன்மார் வீட்டுக் கொல்லையிலும் எருக்குழி இருந்தது. குழியை மூடிவிட்டுத் தொட்டியைத் தெருவில் வைத்ததே நாம் செய்த புதுமை.

காய்த்தோலை எருவாக்கல் எளிது. எண்ணெயும் உப்பும் கலந்த சமைத்த உணவை எருவாக்கல் சற்று அரிது. மண்புழுத் தொட்டியில் அதனை இடின் புழுக்கள் தாங்கா. அதற்குத் தக்கது சாண எரிவாயுக் கலம் போன்ற மூடிய கலமாகும். குப்பைமேட்டின் ஆழத்தில் நிகழும் அதே செயலை இக்கலத்துள் நாமே நிகழ்த்துகின்றோம். தொடக்கத்திற் சாணக்கரைசலை இட்டு நுண்ணுயிரைப் பெருக்கி, பின்னர் அரைத்துக் கரைத்த உணவுக்கழிவை நாள்தோறும் அளவாக ஊட்டவேண்டும். எழும் வாயுவிற் பாதிக்குமேல் மீதேன் இருக்கும். அதனைக் குழாய்வழி அடுப்பிற்குக் கொண்டு செல்லலாம். வெளிவரும் கூழ் செடிகட்கு உரமாகும். மேட்டில் மூண்டு ஊரை எரித்த தீ, இங்கு அடங்கி நின்று பாலைக் காய்ச்சுகின்றது. ஆயினும் இக்கலத்திற்கும் அளவறிந்து ஊட்டல் வேண்டும். விருந்து நாளில் மிஞ்சியதையெல்லாம் ஒருங்கே கொட்டினால், உள்ளே புளிப்பு மிகுந்து வாயு எழுதல் நின்றுபோம். மனித வயிற்றிற்கும் இக்கலத்திற்கும் வேறுபாடு பெரிதில்லை.

எனினும், ஈண்டு ஒரு கணக்கை நோக்குதல் வேண்டும். ஐந்நூறு பேர் உண்ணும் ஒரு விடுதியில், ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு 100 கிராம் உணவைத் தட்டில் எஞ்ச விடுவதாகக் கொள்வோம். நூறு கிராம் என்பது இரண்டு கைப்பிடிச் சோறே. நாளொன்றுக்கு 50 கிலோ. 200 நாட்களுக்குப் 10,000 கிலோ, அதாவது பத்து டன். அந்த 50 கிலோவைக் கலத்தில் இட்டால் ஏறக்குறைய ஐந்து கன மீட்டர் வாயு கிடைக்கும். அஃது ஏறத்தாழ இரண்டு கிலோ சமையல் எரிவாயுவிற்கு ஈடு. ஒரு வாரத்தில் வீட்டுச் சிலிண்டர் ஒன்று நிறையும். நல்லதுதானே என மகிழவேண்டா. அச்சோற்றை விளைத்த உழவர் உழைப்பும், ஒரு கிலோ அரிசிக்குச் சில ஆயிரம் லிட்டராகச் சென்ற நீரும், அதனை வேகவைத்த எரிபொருளும் எண்ணின், இப்பேறு பொன்னை உருக்கி ஈயமாக்கியது போன்றதே. உணவை வாயுவாக்கல் நன்று. எஞ்சவிடாமை அதனினும் மிக நன்று.

ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறக்குறைய 105 கோடி டன் உணவு வீணாயிற்று. கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலும் மக்கள் கைக்கு எட்டிய உணவில் அஃது ஐந்தில் ஒரு பங்கு. ஐயாயிரவர் உண்டு நிறைந்தபின், எஞ்சிய துணிக்கைகளைப் பன்னிரண்டு கூடையிற் சேர்த்தெடுத்த வரலாற்றை இளமைதொட்டுக் கேட்டு வளர்ந்த எமக்கு, இவ்வெண் நாணத்தைத் தருகின்றது.

தட்டில் எஞ்சுவது ஏன் என்று பந்திதோறும் நின்று உசாவினோம். சுவையின்மையே காரணம் என எதிர்பார்த்தோம்; அஃது ஒரு பகுதிதான். அகப்பையின் அளவு ஒன்றாயிருத்தல் பெருங்காரணம். சிறிது வேண்டுவோர்க்கும் பெரிது வேண்டுவோர்க்கும் ஒரே அகப்பை. மற்றொன்று, சனிக்கிழமை ஊருக்குச் செல்வோர் முன்னரே தெரிவியாமை. ஐம்பது பேர் சொல்லாது சென்றால் ஐம்பது பேர் சோறு அண்டாவில் மிஞ்சும். வேறொன்று, தேர்வுக்காலத்தில் அவசரமாய் வாங்கி அரைகுறையாய் விட்டெழுதல். இவற்றிற்கு மருந்து பொருட்செலவில்லாதது: முதலில் அரை அகப்பை, வேண்டின் மீண்டும் என்னும் முறை, வெளியூர் செல்வோர் முதல்நாள் மாலையே கையொப்பமிடும் ஏடு, மிஞ்சியதன் எடையை அன்றன்று எழுதும் கரும்பலகை. எவரையும் பெயர் சொல்லி இகழாத அப்பலகை, விடுதிக் காப்பாளரின் சொற்பொழிவினும் மிகுதியாக உரைக்கும்.

அண்டாவில் எவர் கையும் படாது மிஞ்சிய உணவு வேறு. தட்டில் எஞ்சிய எச்சில் வேறு. முன்னதைப் பசித்தோர்க்கு வழங்கலாம். ஆயினும் சமைத்த உணவு ஆறியபின் நெடுநேரம் வெளியில் இருந்தால் நச்சுக்கிருமி பெருகும். சூடு ஆறுமுன் கொண்டு சேர்த்தல் வேண்டும். மிஞ்சிய உணவை வழங்கும் முறைபற்றி 2019-ஆம் ஆண்டில் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையும் வகுக்கப்பட்டுள்ளது. கெட்டதைக் கொடுத்தல் ஈகையாகாது. அது குப்பைத்தொட்டியை ஏழையின் வயிற்றிற்கு மாற்றுதலேயாம்.

அடுத்து உலர்பொருள். காகிதமும் அட்டையும் தகரமும் அலுமினியமும் பழைய பேப்பர்க் கடையில் விலை பெறுவன. அலுமினியத்தை உருக்கி மீளப் பயன்படுத்தின், கனிமத்திலிருந்து புதிதாய் எடுப்பதற்கு வேண்டும் ஆற்றலில் நூற்றுக்கு 95 பங்கு மிச்சமாகும். காகிதத்தின் நார் ஒவ்வொருமுறை கூழாக்கும்போதும் குறுகுவதால், அதனை ஏறக்குறைய ஐந்து முதல் ஏழு முறையே மீளாக்கலாம். எண்ணெய் தோய்ந்த காகிதமோ ஒருமுறைகூடப் பயன்படாது. ஒரு கரண்டி குழம்பு ஒரு கட்டு விடைத்தாளைக் கெடுக்கும். இதனாலும் பிரித்தலின் இன்றியமையாமை விளங்கும். ஒருபக்கம் மட்டும் எழுதிய தாளின் மறுபக்கத்தைப் பயன்படுத்திவிட்டு, அதன்பின் கடைக்கு அனுப்புதல் முறை.

பிளாஸ்டிக்குள் எல்லாம் ஓரினமல்ல. தண்ணீர்ப் புட்டி ஓரினம், வாளி ஓரினம், பால் உறை ஓரினம். இவற்றைக் கடைக்காரர் எடைக்கு வாங்குவர். ஆனால், பிஸ்கட்டும் வறுவலும் பொதிந்து வரும் பளபளப்பான உறையை எவரும் வாங்குவதில்லை. பிளாஸ்டிக் தாளும் மெல்லிய உலோகப் படலமும் அதில் அடுக்கடுக்காய் ஒட்டிக்கிடத்தலின், அவற்றைப் பிரித்தெடுத்தல் செலவு மிக்கது. நன்னூல் கற்ற எமக்கு, இது பகாப்பதம் எனத் தோன்றிற்று. இத்தகைய உறைகள் பெரும்பாலும் சிமெண்டு ஆலைகளின் சூளைக்கு எரிபொருளாகவே செல்லவேண்டியுள்ளன.

பயனற்ற பிளாஸ்டிக்கிற்குப் பயன் கண்டவருள் ஒருவர், மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரி வேதியியற் பேராசிரியர் ஆர். வாசுதேவன் ஆவர். துண்டாக்கிய பிளாஸ்டிக்கைச் சூடேற்றிய சல்லியின்மேல் தூவினால், அஃது உருகிக் கல்லின்மேற் படலமாய்ப் படியும். அப்படலம் தாரைக் கல்லோடு இறுகப் பிணிக்கும். நீர் உட்புகுந்து சாலை பெயர்வது குறையும். இதனை அவர் 2002-ஆம் ஆண்டில் தம் கல்லூரி வளாகத்திலேயே சாலையாக இட்டுக் காட்டினார். 2018-ஆம் ஆண்டில் அவர்க்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஒரு கல்லூரியின் குப்பையே அக்கல்லூரியின் ஆராய்ச்சிக்குப் பொருளாகலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று யாது? ஆயின், சாலையிட வழியுண்டு என்பது எறிதற்கு உரிமையாகாது. தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொடங்கி, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களில் 14 வகை தடுக்கப்பட்டுள்ளன. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கிற்று. துணிப்பையும் எவர்சில்வர்க் குவளையும் கையில் இருப்பின், தொட்டியில் இடவேண்டியது பாதியாய்க் குறையும். கல்லூரி விழாக்களில் இதனை முதலில் கடைப்பிடித்தல் நன்று. எம் விழா நாட்களின் மறுநாட் காலையை அக்காளுடன் கண்டவர் யாம்.

இறுதியாக, தீங்குடையனவும் துப்புரவுப் பொருளும். உடைந்த கண்ணாடியைத் தடித்த அட்டையிற் சுற்றி, மேலே 'கண்ணாடி' என்று எழுதித் தனியே வைக்கவேண்டும். மாதவிடாய்ப் பட்டைகளைக் காகிதத்தில் இறுகச் சுற்றி அடையாளமிட்டுத் தனித்தொட்டியில் இடவேண்டும். ஆய்வுக்கூடத்துக் கழிவை ஆய்வுக்கூடத்தாரே அதற்குரிய முறைப்படி அகற்றவேண்டும். தொட்டிக்கோ சாக்கடைக்கோ விடலாகாது. மின்கலமும் கணினியும் ஈயம் முதலிய நச்சு உலோகங்களையும் செம்பு முதலிய விலையுடை உலோகங்களையும் ஒருங்கே கொண்டன. 2023-ஆம் ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மீளாக்குவோரிடமே கணினி முதலியவற்றைச் சேர்ப்பித்தல் வேண்டும்.

இவ்வளவும் கூறியபின், 'எல்லாம் சரி. ஆனால் இது நம் வேலையா?' என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. எம் தோழர் ஒருவரே அவ்வாரத்தின் இடையில் இதனைக் கேட்டார். "படிக்க வந்தோமா, குப்பை அள்ள வந்தோமா?" என்றார். அவ்வினாவின் அடியில் ஒரு பழைய எண்ணம் ஒளிந்துள்ளது. எறிவதற்கு ஒரு சாராரும் அள்ளுவதற்கு மற்றொரு சாராரும் பிறந்துள்ளனர் என்பதே அது. வகுப்பறையிற் பிறப்பொக்கும் என்று கற்று, விடுதியில் அதற்கு மாறாய் நடத்தல் கல்வியாகாது. தொட்டியின் முன் நிற்கும் ஒரு நொடியில், இது பச்சைத் தொட்டிக்கு உரியதா, நீலத் தொட்டிக்கு உரியதா என எண்ணிப் போடுதல் நமக்கு அரிதன்று. அந்நொடியை நாம் மறுத்தால், அக்காளுக்கு அது மணிக்கணக்காகும்; சிலபோது இரத்தமாகவும் ஆகும். கேட்ட தோழர் விடை கூறவில்லை. மறுநாட் காலை ஐந்தரை மணிக்கு எமக்கு முன்னரே எழுந்து நின்றார்.

தமிழ் மாணவர்க்கு இப்பொருள் தக்கதோ என ஐயுற்றார்க்கு இனி விடை கூறுவோம். இலக்கணம் நமக்கு முதலிற் கற்பிப்பது பகுத்தல். திணையைப் பகுக்கின்றோம், பதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை எனப் பகுக்கின்றோம். பகுத்தபின்னரே பொருள் விளங்குகின்றது. தாளிற் பகுக்கக் கற்ற கை, தொட்டியிற் பகுக்க நாணுவதற்கு என்ன இருக்கின்றது?

மாணவ அன்பர்களை யாம் வேண்டுவன மூன்றே. உண்ணுமளவிற்கு வாங்குக, எறியுமுன் பிரிக்க, கண்ணாடியைச் சுற்றிப் பெயர் எழுதுக. ஆசிரியப் பெருமக்கள் தத்தம் துறையின் கழிவைத் தத்தம் ஆராய்ச்சிக்குப் பொருளாக்குதல் வேண்டும். பழைய மாணவர்கள் இவ்வளாகத்திற்கு ஏதேனும் நன்கொடை நல்கக் கருதின், கல்வெட்டுப் பொறித்த வளைவினை ஒழித்து, தடித்த கையுறையும் மிதியடியும், வாராத நாளிலும் கூலி தரும் ஒரு சிறு நிதியும் நல்குவார்களாக.

எம் விடுதியில் இப்போது தொட்டிகள் இரண்டிரண்டாய் நிற்கின்றன. எருத்தொட்டி நாறுவதில்லை. அவ்வெருவில் வளர்ந்த கத்தரியும் வெண்டையும் சமையற்கட்டிற்கு வந்துள்ளன. ஆயினும் அக்காள் இன்னும் ஒவ்வொரு பையையும் தூக்கி ஆட்டிப் பார்த்த பின்னரே எடுக்கின்றார். அவர் ஆட்டிப் பாராமல் எடுக்கும் நாள் ஒன்று வரவேண்டும். அந்நாளே எம் கல்லூரியிற் குப்பை ஒழிந்த நாள் என்போம்.